20 சிப்ஸ் முன்னிலை: பதுங்குவதா, ஒட்டி நிற்பதா?

போன போயா (பௌர்ணமி) விடுமுறைக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் ஐந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். 25 கைகள் (சுற்றுகள்) கொண்ட பிளாக்ஜாக் போட்டி: 21ஐத் தாண்டாமல் டீலரை விடக் கூடிய எண்ணிக்கை எடுக்கப் பார்க்கிற கடதாசி ஆட்டம். காசு கிடையாது, பிளாஸ்டிக் சிப்ஸ்தான்; கடைசியில் ஆகக் கூடிய சிப்ஸ் வைத்திருப்பவருக்கு வெற்றி. தோற்றவர்கள் சேர்ந்து காலி வீதிக்குப் போய்க் கொத்து ரொட்டி வாங்கி வர வேண்டும். என் மனைவிதான் டீலர், கடதாசி பகிர்கிறவர். 24 கைகள் முடிந்தபோது என்னிடம் 520, மச்சானிடம் 500. மற்ற மூவரும் வெகு கீழே.

கடைசிக் கையில் மச்சான் எனக்கு முன்னால் பெட் கட்ட வேண்டும். 200 வைத்தார். நானும் 200 வைத்தேன். டீலரின் திறந்த கடதாசி 3. மச்சானுக்கு 13 வந்தது, போதும் என்று நின்றுவிட்டார். எனக்கு 12.

பிளாக்ஜாக் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான அட்டவணை ஒன்று உண்டு. கையில் 12, டீலரிடம் 3 என்றால் ‘எடு’ என்று அது சொல்கிறது. எடுத்தேன். ராஜா வந்தது, அதற்கு 10, மொத்தம் 22. பஸ்ட்: 21ஐத் தாண்டிய உடனேயே எனக்குத் தோல்வி. டீலர் மூடியிருந்ததைத் திறந்தார், 10. அடுத்து எடுத்தது 9. அவரும் 22, பஸ்ட். மச்சான் 700, நான் 320.

"அத்தான், நான் 13இல நிண்டனான். நீங்கள் ஏன் எடுத்தனீங்கள்?" என்று மச்சான் கேட்டார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். கொத்து சாப்பிட்டு முடிந்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நின்றிருந்தால் அந்தக் கையில் நான் தோற்க வழியே இல்லை. டீலர் பஸ்ட் ஆனால் இருவருக்கும் வெற்றி: எனக்கு 720, அவருக்கு 700. டீலர் 17 முதல் 21 வரை எதில் நின்றாலும் 12, 13 இரண்டுமே தோல்வி: எனக்கு 320, அவருக்கு 300. எப்படிப் பார்த்தாலும் 20 சிப்ஸால் நான் மேலே. நான் எடுக்காமல் விட்டிருந்தால் அந்த ராஜா டீலருக்குப் போய் அவருக்கு 23 ஆகியிருக்கும். அப்போதும் பஸ்ட்தான்.

அந்த அட்டவணையில் பிழை எதுவும் இல்லை. 1956இல், அமெரிக்க இராணுவத்தில் இருந்த நான்கு பேர் கணக்குப் போட்டு வெளியிட்ட ஆய்வில் தொடங்கி, பிறகு கணினிகளால் சரிபார்க்கப்பட்டது அது. ஆனால் அது பதில் சொல்கிற கேள்வி வேறு: டீலருக்கு எதிராக நீண்ட காலத்தில் குறைவாக இழப்பது எப்படி? 2025 ஆகஸ்டில் கொழும்பில் திறந்த சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ போன்ற இடத்தில் சாதாரண மேசையில் உட்காருகிறவருக்கு அதுதான் கேள்வி. பக்கத்தில் இருப்பவர் வென்றால் என்ன, தோற்றால் என்ன? போட்டியில் அப்படியில்லை. டீலர் அங்கே வெறும் வானிலை மாதிரி, எல்லோர் மேலும் ஒன்றாகப் பெய்கிற மழை. போட்டி மச்சானோடு.

அதற்குப் பிறகு இந்தச் சிறு முன்னிலை விஷயத்தைக் கடதாசியை விரித்து வைத்துக்கொண்டு பல இரவுகள் பார்த்துவிட்டேன். கடைசிக் கை, எனக்கு 520, எதிராளிக்கு 500, ஆகக் குறைந்த பெட் 10, ஆகக் கூடியது 500, பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு கடதாசியிலேயே 21) ஒன்றரை மடங்கு, எந்த இரண்டு கடதாசியிலும் டபுள் (பெட்டை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு கடதாசி எடுப்பது) போடலாம். எங்கள் வீட்டு விதி இவை. இந்த நிலையில் என்னென்ன செய்யலாம், எது எப்போது நல்லது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், நான் எதிராளிக்குப் பிறகு பெட் கட்டுகிற நிலை. இது கொடுத்துவைத்த இடம். எதிராளி 200 வைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோருக்கு முதலில் தோன்றுவது பதுங்குவது: 10 மட்டும் வைத்துவிட்டு, அவர் தோற்கட்டும் என்று காத்திருப்பது. கையில் இருப்பதைக் காப்பாற்றும் புத்தி நம் எல்லோருக்கும் உண்டு, அது இயல்பு. கணக்கைப் பார்ப்போம். அட்டவணைப்படி ஆடுகிற ஒருவருக்கு 100 கைகளில் ஏறத்தாழ 43 வெற்றி, 8 அல்லது 9 புஷ் (டீலரோடு சமம், பெட் அப்படியே திரும்பி வரும்), மீதி தோல்வி. நான் 10 வைத்தால் என்னிடம் கடைசியில் 510இலிருந்து 530 வரை இருக்கும், பிளாக்ஜாக் வந்தால் 535, டபுள் போட்டு வென்றால் 540. அவர் வென்றால் 700. ஆகவே அவர் வெல்கிற 43 கைகளிலும் நான் தோற்கிறேன். என் கையில் 20 இருந்தாலும், 21 இருந்தாலும் பயனில்லை. அவர் புஷ் ஆனாலோ தோற்றாலோ நான் மேலே. மொத்தம் 100க்கு 57.

57 மோசமில்லை என்று தோன்றும். இனி ஒட்டி நிற்பதைப் பாருங்கள். நானும் 200 வைக்கிறேன். இருவரும் வென்றால் 720க்கு 700. இருவரும் தோற்றால் 320க்கு 300. இருவருக்கும் புஷ் என்றால் 520க்கு 500. அவர் வென்று நான் வெல்லாத கைகளிலும், அவருக்குப் புஷ் கிடைத்து நான் தோற்கிற கைகளிலும்தான் ஆபத்து. பதுங்கினால் அந்த 43ம் முழுதாகக் கையை விட்டுப் போகிறது. ஒட்டி நின்றால் அந்த 43இல் நானும் சேர்ந்து வெல்கிற பெரும்பகுதி திரும்பி வருகிறது. ஏன் பெரும்பகுதி? டீலர் 100க்கு 28 தடவை அளவில் பஸ்ட் ஆகிறார். அப்போது பஸ்ட் ஆகாமல் நிற்கிற எல்லோருக்கும் வெற்றி. எதிராளிக்கு நல்ல நேரம் வரும்போது எனக்கும் வருகிறது. இதற்குப் பெயர் அதிர்ஷ்டம் இல்லை, ஒரே டீலருக்கு எதிராக இருவரும் ஆடுவதால் வருகிற ஒற்றுமை. எனவே, பிறகு பெட் கட்டுகிற நிலையில் பதுங்குவதும் ஒட்டி நிற்பதும் சமமான இரண்டு வழிகள் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

சரி, ஒட்டி நிற்பதென்றால் சரியாக 200ஆ, 190 அல்லது 210 ஆனால் என்ன? வெற்றிக்கு வெற்றி, தோல்விக்குத் தோல்வி என்று மட்டும் பார்த்தால் மூன்றுமே போதும். 190 வைத்து இருவரும் வென்றால் 710க்கு 700. 210 வைத்து இருவரும் தோற்றால் 310க்கு 300. ஆனால் அவர் டபுள் போட்டு 400 ஆக்கிவிட்டால் கதை மாறும். நானும் டபுள் போட வேண்டும். 190இன் டபுள் 380, வென்றால் எனக்கு 900, அவருக்கும் 900, சமநிலை. 210இன் டபுள் 420, தோற்றால் எனக்கு 100, அவருக்கும் 100. 200 வைத்திருந்தால் மட்டுமே 920க்கு 900, 120க்கு 100 என்று இரண்டு பக்கமும் அந்த 20 அப்படியே நிற்கிறது. அவருடைய பெட்டை அச்சடித்த மாதிரி வைப்பதன் அருமை இதில்தான். அவர் எந்தக் கதவால் போனாலும் அதே கதவு எனக்கும் திறந்திருக்கும்.

அவர் 500 முழுவதையும் வைத்தால்? அப்போதும் ஒட்டி நிற்பதுதான். அவரிடம் டபுள் போட மீதி இல்லை என்பதால் 490 போதும்: வென்றால் 1010க்கு 1000, தோற்றால் 30க்கு 0. இந்த இடத்தில் கை நடுங்கும் என்பது எனக்குத் தெரியும். 24 கை ஆடிச் சேர்த்ததை ஒரே கையில் வைக்கச் சொல்கிறேன். ஆனால் கடைசிக் கை முடிந்த பிறகு மிச்சம் இருக்கிற சிப்ஸுக்கு ஒரு பெறுமதியும் இல்லை. 510ஓடு தோற்பதும் 30ஓடு தோற்பதும் ஒன்றே.

அவர் 10 மட்டும் வைத்தால் நானும் 10. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

பெட் கட்டிய பிறகு கையை ஆடுவதில்தான் ஒட்டி நிற்பதன் பலன் முழுதாகத் தெரிகிறது. அவர் எனக்கு முன்னால் ஆடி முடித்துவிடுவார், அவருடைய கணக்கு என் கண் முன்னால் இருக்கும். அவர் பஸ்ட் என்றால் அவருக்கு 300, நான் தோற்றாலும் எனக்கு 320. அங்கேயே முடிந்தது. அவர் 13இல் நின்றால், நான் மேலே சொன்ன 12இல் நிற்க வேண்டியவன்.

இன்னொரு கையை மெதுவாகப் பாருங்கள், இதைக் கண்டபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. டீலரிடம் 6. மச்சானுக்கு 11, டபுள் போட்டு 400 ஆக்குகிறார், வந்தது 5. அவர் 16இல் மாட்டிக்கொண்டார். என்னிடம் 10, 8, கூட்டினால் 18. நல்ல கை, நிற்கலாமா? நின்றால், டீலர் பஸ்ட் ஆகாத பக்கம் எனக்கு வெற்றி, ஏனென்றால் மச்சான் 400ஐ இழந்து 100க்கு வந்துவிடுவார். டீலர் 6ஓடு தொடங்கும்போது பஸ்ட் ஆவது 100க்கு 42 அளவில். அந்த 42இல் அவருக்கு 900, எனக்கு 720, தோல்வி. ஆகவே நின்றால் 58.

18இல் டபுள் போட்டால்? ஒரு கடதாசி கட்டாயம் எடுக்க வேண்டும். 13 வகைக் கடதாசிகளில் ஏஸ், 2, 3 தவிர மற்றப் பத்தும் என்னைப் பஸ்ட் ஆக்கும். பைத்தியக்காரத்தனம் போலத் தெரியும். ஆனால் நான் பஸ்ட் ஆனாலும் எனக்கு 120 மிச்சம். டீலர் பஸ்ட் ஆகாவிட்டால் மச்சானுக்கு 100தான், அந்த 58 அப்படியே என்னிடம் இருக்கிறது. டபுள் போடுவதால் நான் இழப்பது ஒன்றுமில்லை. ஏஸ், 2, 3 வந்து டீலரும் பஸ்ட் ஆனால் 920க்கு 900, அதுவும் எனக்கு. 58 ஏறத்தாழ 68 ஆகிறது. அந்த 18 இரண்டு 9களாக இருந்தால் இன்னும் நல்லது: ஸ்பிளிட் பண்ணி (இரண்டு தனிக் கைகளாகப் பிரித்து, இரண்டிலும் 200 வைத்து), ஒவ்வொரு 9க்கும் ஒரு கடதாசி வாங்கி, இரண்டிலும் நின்றுவிடலாம். இரண்டு கடதாசியில் யாரும் பஸ்ட் ஆவதில்லை. டீலர் பஸ்ட் ஆனால் இரண்டு கையும் வென்று 920. ஆகாவிட்டால் மிக மோசமாக 120. இரண்டிலும் நான் மேலே, 100க்கு 100. எந்த அட்டவணையிலும் இந்தக் காரணம் எழுதியிருக்காது.

ஒட்டி நிற்பதற்கு அடங்காதது அவருடைய பிளாக்ஜாக். 200க்கு 300 கிடைத்து அவர் 800 ஆகிவிடுவார். அப்போது என் சாதாரண வெற்றி போதாது, டபுள் போட்டு வென்றால்தான் 920. கை எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் போட வேண்டியதுதான்.

இனி நான் முதலில் பெட் கட்ட வேண்டிய நிலை. அதே 520, அதே 500, ஆனால் உலகம் தலைகீழ். இப்போது அச்சடிக்க என் முன்னால் ஒன்றும் இல்லை. மாறாக, நான் வைப்பதை அவர் பார்க்கிறார். இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை உடனே தள்ளிவிடலாம்: நடுத்தரமான பெட். 250 என்று வைத்தேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக ஆடத் தெரிந்தவர் 200 வைப்பார். இருவரும் தோற்றால் எனக்கு 270, அவருக்கு 300, அவர் மேலே. நான் வென்று 770 ஆனால், அவர் டபுள் போட்டு 900க்குப் போக முடியும். மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் நானே கதவைத் திறந்து கொடுத்திருக்கிறேன். பாதுகாப்பாக நடுவில் நிற்கிறோம் என்ற உணர்வு இருக்கிறதே, அது இந்த இடத்தில் மிகவும் ஆபத்தானது.

மிஞ்சுவது 10 அல்லது 490. 10 வைத்தால் கீழ்ப் பக்கம் பூட்டப்படுகிறது. தோற்றாலும் என்னிடம் 510, அவருக்குப் புஷ் என்றால் 500. அவர் வென்றே ஆக வேண்டும், அது 43. எனக்கு 57. முன்பு பதுங்குவது என்று சொல்லித் தள்ளிவைத்த அதே வழி, இங்கே நல்ல வழியாகிவிடுகிறது.

490 வைத்தால் மேல் பக்கம் பூட்டப்படுகிறது. வென்றால் எனக்கு 1010, பிளாக்ஜாக் வராமல் அவர் எட்ட முடியாது. ஆனால் தோற்றால் 30தான் மிச்சம், அவர் எதையாவது கையில் வைத்திருந்தாலே போதும். விளங்கியவர் 30 மட்டும் வைத்துவிட்டு நான் தோற்பதற்குக் காத்திருப்பார். எனக்குப் புஷ் வந்தால்கூட 520, அவர் வென்றால் 530. எனவே எனக்கு என் 43ம் புஷ்ஷில் ஒரு பங்கும்தான் கிடைக்கும், பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

எதிராளி கணக்குத் தெரிந்தவர் என்றால் நான் 10ஐத்தான் தேர்வேன். ஆனால் எல்லோரும் அப்படி ஆடுவதில்லை. எங்கள் மேசையில் ஒரு அண்ணை இருக்கிறார். யாராவது பெரிதாக வைத்தால் அவர் கை தன்னால் முழுச் சிப்ஸையும் முன்னால் தள்ளிவிடும். நான் 490 வைத்தால் அவர் 500 வைப்பார். அவராகவே வந்து என்னை ஒட்டி நின்றுகொள்கிறார், இருவரும் வென்றாலும் இருவரும் தோற்றாலும் நான் மேலே. அப்படிப்பட்டவர் எதிரே இருந்தால் 490 பொன் மாதிரி. மச்சான் எதிரே இருந்தால் 10. ஆளைப் பார்த்து ஆடுவது 304 என்ற கடதாசி ஆட்டத்தில் வளர்ந்த நமக்குப் புதிதில்லை. ஒரு நிறத்தில் 76 புள்ளி, நான்கு நிறத்தில் 304 என்று எண்ணுகிறபோதே எதிர்ப் பக்கத்தில் இருப்பவர் எதை வைத்திருப்பார், எதற்குத் துணிவார் என்பதையும் சேர்த்துத்தானே எண்ணுகிறோம்?

2006இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த அல்டிமேட் பிளாக்ஜாக் டூரில் இரகசிய பெட் என்று ஒரு விதி இருந்தது. ஒரு சுற்றில் ஒரு தடவை, ஆடுபவர் தன் பெட்டை மற்றவர்களுக்குக் காட்டாமல் எழுதிக் கொடுக்கலாம். பிறகு பெட் கட்டுகிறவரின் பலத்தை அது அப்படியே பறித்துவிடும். எதிராளி கடைசிக் கைக்கு இதை வைத்திருந்தால், நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் முதலில் கட்டுகிறவன் மாதிரித்தான். அவர் எழுதியது எதுவாக இருந்தாலும் 10 எனக்கு அந்த 57ஐத் தருகிறது, அதனால் 10.

கடைசிக் கைக்கு முந்திய கைகளில் முன்னிலையைக் கூட்டப் பார்ப்பதா, வேண்டாமா? கடைசிக் கையில் நான் முதலில் கட்ட வேண்டி வரும் என்று தெரிந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். எங்கள் வீட்டு விதியில் நான் வேண்டாம் என்பேன். 20ஐ 120 ஆக்கினாலும் அவர் 150 வைத்து வென்றால் என்னைத் தாண்டிவிடுவார், என் 57 அப்படியே 57தான். ஆனால் அந்த முயற்சியில் 20ஐ இழந்து பின்னால் போனால், பிறகு கட்டுகிற அவர் என்னை அச்சடித்து ஒட்டி நிற்பார், நான் 43க்கும் கீழே போய்விடுவேன். கிடைப்பது ஒன்றுமில்லை, போவது நிறைய. ஆகக் கூடிய பெட் 100 என்று வைத்திருக்கிற மேசையில் இதே கேள்விக்கு விடை வேறு. அங்கே 120 முன்னிலை இருந்தாலே அவர் சாதாரணமாக வென்று எட்ட முடியாது, டபுள் அல்லது பிளாக்ஜாக் வேண்டும். அங்கே இரண்டு மூன்று கை இருக்கும்போது, அவருக்குப் பிறகு கட்டுகிற கையாகப் பார்த்து, துணிந்து 100 வைப்பது சரி.

அப்புறம் உட்காருகிற இடம். எங்கள் மேசையில் முதலில் பெட் கட்டுகிறவர் முன்னால் ஒரு சோடா மூடி இருக்கும், ஒவ்வொரு கைக்கும் அது இடப்பக்கம் ஓர் ஆள் நகரும். ஐந்து பேர், 25 கை, யாரும் நடுவில் வெளியேறவில்லை என்றால், முதல் கையில் மூடி வைத்திருப்பவரோடு சேர்த்து எண்ண, ஐந்தாவதாக வருகிறவர் கடைசிக் கையில் முதலில் கட்டுவார். நான்காமவர்தான் கடைசியாகக் கட்டுவார். ஒருவர் வெளியேறினால் உடனே மீண்டும் எண்ண வேண்டும், இடம் மாறிவிடும். அடுத்த போயாவுக்கு இடம் பிடிப்பதைக் குலுக்கல் போட்டுத் தீர்ப்போம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதையும் முதல் கைக்கு முன்னாலேயே பேசிக்கொள்ள வேண்டும். 190ஆ 200ஆ என்பது அதில்தான் தொங்குகிறது.